இளவரசு தேர்ந்தெடுத்த பை

இளவரசுவின் கேமரா பையைத் தைத்துத் தைத்துத் தையற்காரருக்கே அலுத்துப்போய்விட்டது. "இதுக்கு மேல ஊசி எறங்க எடம் இல்ல சார், புதுசா ஒன்னு வாங்கிடுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அது ஒற்றைத் தோளில் தொங்கப்போடுகிற ரகம். பன்னிரண்டு வருஷம் சுமந்ததில் அவனுடைய வலது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. இரண்டு கேமரா, நாலு லென்ஸ், பிளாஷ், சார்ஜர், லேப்டாப் எல்லாம் சேர்த்தால் பதினோரு கிலோ. எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, இரண்டு தோளிலும் சமமாக ஏறுகிற பையாக மாற்றாவிட்டால் கை மரத்துப்போகத் தொடங்கும் என்று சொல்லியிருந்தார். ஐப்பசி பிறந்த வாரம் அவனும் மனைவி புஷ்பவள்ளியும் கடலூர் லாரன்ஸ் ரோட்டுக்குப் பை பார்க்கப் போனார்கள்.

மஞ்சக்குப்பத்தில் அவர்களுக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ. அவன் படம் எடுப்பான், ஆல்பம் வடிவமைப்பது அவள். அந்த லேப்டாப்பில் அவனைவிட அவள் விரல்தான் அதிகம் பட்டிருக்கும். அதனால் கடைக்காரர் பையை எடுத்துப் போட்டதும் அவள் முதலில் செய்தது, முழங்கை வரை உள்ளே கையை விட்டு அடிப்பக்கத்தை அமுக்கிப் பார்த்ததுதான்.

ஏழெட்டுப் பையைத் தள்ளிவிட்டு இரண்டில் வந்து நின்றார்கள். ஒன்று கறுப்பு. சதுரமாக, அழகு என்று சொல்ல ஒன்றுமில்லாமல் இருந்தது. ஆனால் லேப்டாப் செருகுகிற இடம் பையின் அடியிலிருந்து மூன்று விரல் உயரத்தில் தொங்கியது. கீழே ஒரு சிறிய அறைக்குள் மழைக்கு மூடுகிற உறை மடித்து வைத்திருந்தது. இன்னொன்று காப்பிக்கொட்டை நிறத்தில் கான்வாஸ் பை. தோல் பட்டை, பித்தளை வளையம், பக்கவாட்டில் திறந்தால் கேமரா நேராகக் கைக்கு வரும் வாகு. இளவரசு அதை முதுகில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

"லேப்டாப்பு நேரா அடியில போய் முட்டுது பாருங்க" என்றாள் புஷ்பவள்ளி. "கீழ ஒரு துண்டு ஸ்பான்ஞ்சு கூட இல்ல."

"வாட்டர் ரெசிஸ்டன்ட்டுதான்க்கா" என்றார் கடைக்காரர்.

"ரெசிஸ்டன்ட்டுன்னா?"

"தூறலு கீறலுக்கு ஒன்னும் ஆவாது."

"கடலூர்ல என்னிக்குங்க தூறலோட நின்னிருக்கு?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். இளவரசு சிரிக்கவில்லை. "மழையில நின்னுக்கிட்டா நான் படம் எடுக்கப் போறேன்? மண்டபத்துக்குள்ளதான வேல" என்றான். கறுப்புப் பையை அவன் தொடவே இல்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை மனைவியிடம் அவன் சொன்னதில்லை. ஆவணியில் நெல்லிக்குப்பத்தில் ஒரு பெரிய கல்யாணம். தன் பை தையற்காரரிடம் இருந்ததால், கையில் கிடைத்த ஏதோ ஒரு கறுப்புப் பையில் சாமான்களைப் போட்டு எடுத்துப் போயிருந்தான். வாசலில் காவலாளி அவனைத் தடுத்து, "பார்சல்லாம் பின்பக்கம்பா" என்று கைகாட்டினார். பொண்ணு வீட்டார் நாலு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்று முழுக்க அவனுக்கு ஒரு படமும் சரியாக அமையவில்லை. கல்யாணத்தில் படம் எடுக்கிறவன் எடுத்த படத்தை யாரும் அப்போது பார்ப்பதில்லை. அவன் போட்டிருக்கிற சட்டையையும் தூக்கி வருகிற பையையும்தான் பார்க்கிறார்கள் என்று அவனுக்குள் அன்று ஏறிய எண்ணம் இறங்கவே இல்லை.

கான்வாஸ் பையையே வாங்கினான். வீட்டுக்கு வந்ததும் புஷ்பவள்ளி ஒரு பழைய கம்பளித் துண்டை நாலாக மடித்து அடியில் வைத்தாள்.

அதே மாதம்தான் ஆரோக்கிய அனிதா ஸ்டூடியோவுக்கு வந்தாள். கடலூர் முதுநகர்ப் பெண். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அடுத்த மே மாதம் வைத்திருந்த கல்யாணத்தை இந்த நவம்பருக்கே முன்னுக்கு இழுத்திருந்தார்கள். அம்மா சகாயசெல்விக்கு மார்பில் புற்று, ஈரலுக்குப் போய்விட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரம், திருவருகைக் காலம், தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் வைக்கமாட்டார்கள். கிறிஸ்துமஸ் தாண்டினால் அம்மா இருப்பார்களா என்று தெரியாது. மாப்பிள்ளை ஜேக்கப்புக்குச் சிதம்பரம். அங்கேயே கோயிலில் கல்யாணத் திருப்பலி, அங்கேயே சாப்பாடு.

எல்லாம் பேசி முடித்து எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். "அண்ணா, அம்மாவ ஒரே ஒரு போட்டோ நல்லா எடுத்துக் குடுத்துடுங்க. முடி கொட்டுனதுலேர்ந்து போனத் தூக்குனாலே மொகத்தத் திருப்பிக்கிறாங்க. ஒரு வருஷமா எங்கிட்ட அம்மா படமே இல்ல."

"எடுத்துடலாம்மா. எம் பொறுப்பு" என்றான் இளவரசு.

கல்யாணத்தன்று காலை வானம் கனத்துக் கிடந்ததே தவிர மழை இல்லை. கோயிலை ஒட்டிய ஒரு அறையில் மணப்பெண்ணுக்கு அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. சகாயசெல்வி ஓரமாக நாற்காலியில் இருந்தார். முகக்கவசம், தலையைச் சுற்றி இழுத்துப் போர்த்திய முந்தானை. இடையில் கண்கள் மட்டும். சொந்தக்காரப் பெண்கள் யாராவது போனை உயர்த்தினால் உடனே கையை ஆட்டி மறுத்தார். இளவரசு அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பவே தயங்கினான்.

திருப்பலிக்குக் கால்மணி நேரம் இருக்கும்போது அவராகவே கூப்பிட்டார். "தம்பி, எல்லாரையும் வெளிய அனுப்பிட்டுக் கதவச் சாத்துங்க."

அறையில் மூன்று பேர் மட்டும். அவர் முந்தானையை இறக்கினார். முகக்கவசத்தைக் கழற்றி நாற்காலிக் கையில் மாட்டினார். தலையில் ஒரு முடி இல்லை. புருவமும் இல்லை.

"எம் பொண்ணு பாக்கறதுக்கு மட்டும். வேற யாருக்கும் காட்டக் கூடாது. நான் இருக்கற மாரியே எடுங்க. அப்பறமா கம்ப்யூட்டர்ல ஒன்னும் பண்ணக் கூடாது, சரியா?"

"பண்ணமாட்டேம்மா."

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மகளுக்குப் பின்னால் போய் நின்று முக்காட்டு வலையின் ஊசியைச் சரிசெய்தார். பிறகு இரண்டு கைகளையும் மகளின் தோள்மேல் வைத்தார். அனிதா குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் வந்தால் மை கரைந்துவிடும், நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தால் நிச்சயம் வந்துவிடும். ஜன்னல் வழியாக வந்த மேகமூட்ட வெளிச்சம் இருவர்மேலும் ஒரே சீராக விழுந்தது. இளவரசு பதினோரு படம் எடுத்தான். போதும் என்று அவர் கையைக் காட்டினார். மறுபடி முகக்கவசம், முந்தானை. கதவு திறந்தது.

அன்று காலையிலிருந்தே அவனிடம் இருந்த இரண்டு மெமரி கார்டில் ஒன்று மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு மற்றதிலேயே ஓட்டினான். மத்தியானம் அது நிரம்பிவிட்டது. வழக்கமாகக் கொண்டுவருகிற தனி ஹார்ட் டிஸ்க்கை ஸ்டூடியோ மேசையிலேயே விட்டு வந்திருந்தான். பந்தியின் கடைசி வரிசையில் பிரியாணித் தட்டுக்குப் பக்கத்தில் லேப்டாப்பைத் திறந்து, காலைப் படங்கள் எல்லாவற்றையும் அதற்குள் ஏற்றினான். நாலைந்தைத் திறந்து பார்த்தான். எல்லாம் இருந்தது. கார்டை அழித்துவிட்டு வரவேற்புக்கு அதையே போட்டுக்கொண்டு ஓடினான்.

நாலு மணிக்கெல்லாம் வரவேற்பு முடிந்துவிட்டது. அனிதாவின் அம்மாவைப் பன்னிரண்டு மணிக்கே காரில் ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. வீடியோ எடுக்க வந்திருந்த ராஜ்கமல் காரில் கிளம்பிக்கொண்டிருந்தான். "மச்சான், பையக் கார்ல போடு. நாளைக்கி ஸ்டூடியோல கொண்டாந்து குடுத்துடறேன்" என்றான்.

"வேணாம்டா. ராத்திரியே வள்ளி வேலைய ஆரம்பிச்சிடுவா" என்றான் இளவரசு. தன் சாமானை இன்னொருவர் வண்டியில் ஏற்றுகிற பழக்கமே அவனுக்குக் கிடையாது. மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டான். பையோடு சேர்த்து அது மூடவில்லை. சமையல்காரர் ஒருவரிடம் பெரிய பாலித்தீன் தாளாக வாங்கிப் பையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு பைக்கை எடுத்தான். பரங்கிப்பேட்டைப் பிரிவு வருவதற்குள் காற்று அதைக் கிழித்துக்கொண்டு போய்விட்டது.

புதுச்சத்திரம் தாண்டி ரோடு வேலை நடக்கிற இடத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. முன்னால் போன வேன் தாராளமாகக் கடந்துபோனதைப் பார்த்துத்தான் அவனும் இறங்கினான். வேன் போன தடத்துக்கு ஒரு முழம் இடப்பக்கம் பள்ளம் தோண்டியிருந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. முன்சக்கரம் இறங்கியது. வண்டி சாய்ந்து அவன் மல்லாக்க விழுந்தான், முதுகில் இருந்த பையின்மேலேயே. இடது கால் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. எதிரில் வந்த டிராக்டர்காரர் ஒருவர் குதித்து ஓடிவந்து வண்டியைத் தூக்கும்வரை இரண்டு நிமிஷம் இருக்கும். தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொண்டு கிடந்தான். பையின் அடிப்பாதி முதுகுக்குக் கீழே தண்ணீருக்குள் கிடந்தது.

ஆலப்பாக்கத்தில் ஒரு டீக்கடைக் கூரைக்குள் ஒதுங்கிப் பையைத் திறந்தான். மேலறையில் இருந்த கேமரா இரண்டும் லேசான ஈரத்தோடு தப்பித்திருந்தன. அடியில் புஷ்பவள்ளி வைத்த கம்பளித் துண்டு சேற்றுத் தண்ணீரைக் குடித்து ஊதியிருந்தது. அதன்மேல் லேப்டாப். சட்டையைக் கழற்றிப் பிழிந்து துடைத்தான். அத்தோடு விட்டிருக்கலாம். அவனால் முடியவில்லை. படங்கள் இருக்கின்றனவா இல்லையா என்று தெரிந்தாகவேண்டும். பொத்தானை அமுக்கினான். திரை ஒரு விநாடி நீலமாகப் பூத்தது. உள்ளே எங்கோ மெல்லிசாக ஒரு சத்தம். அவ்வளவுதான்.

புதுச்சேரியில், கெட்டுப்போன லேப்டாப்பிலிருந்து படங்களை மீட்கிற ஒருவரிடம் மறுநாள் காலையே கொண்டுபோனான். அவர் பிரித்துப் பார்த்துவிட்டு, "நனஞ்சது கூடப் பரவால்ல சார். ஆன் பண்ணீங்க பாருங்க" என்றார். சென்னைக்கும் அனுப்பினார்கள். இரண்டு வாரம் கழித்து அங்கிருந்தும் அதே பதில். அழித்த கார்டிலாவது ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று தேடினார்கள். அதன்மேல் அறுநூறு வரவேற்புப் படங்கள் ஏறி உட்கார்ந்திருந்தன. காலைப் படங்களில் ஒன்றே ஒன்று, அதுவும் கால்வாசி, கிடைத்தது. பதினொன்றில் ஒன்று. மேலே ஜன்னல் கம்பி, முக்காட்டு வலையின் நுனி, அதற்குப் பக்கத்தில் சகாயசெல்வியின் வழுக்கைத் தலை, நெற்றி. புருவம் இருக்கவேண்டிய இடத்தோடு படம் நின்றது. அதற்குக் கீழே முழுக்கச் சாம்பல்.

அவன் அந்தப் பையைக் கொல்லையில் எறிந்தான். "அந்தக் கடைக்காரன் வாட்டர் ரெசிஸ்டன்ட்டுன்னு தலையில கட்டிட்டான் வள்ளி. ரெண்டு நிமிஷம் தாங்கல" என்றான்.

புஷ்பவள்ளி கேட்டாள். "பை இன்னாங்க பண்ணும்? கார்ட அழிச்சது யாரு?"

அவள் குத்திக்காட்டுவதற்குச் சொல்லவில்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. அதனால்தான் தாங்கமுடியவில்லை.

கோயிலுக்குள் எடுத்ததற்கு வீடியோ இருந்தது. சொந்தக்காரர்கள் போனில் எடுத்தவை நூறு இருநூறு வந்தன. ஆல்பத்தை எப்படியோ ஒப்பேற்றிவிடலாம் என்று புஷ்பவள்ளி சொன்னாள். மூடிய அறையில் எடுத்ததற்குத்தான் வேறு பிரதி கிடையாது.

அனிதா போன் செய்தாள். "வேலை நடக்குதும்மா" என்றான். பத்து நாள் கழித்து மறுபடி செய்தாள். "கலர் பாத்துக்கிட்டிருக்கோம்" என்றான். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடவேண்டும் என்றுதான் போனை எடுப்பான். அவள் குரலைக் கேட்டதும் வாய் வேறொன்றைச் சொல்லும்.

கல்யாணமான பத்தொன்பதாம் நாள் காலை ஆறு மணிக்குப் போன் வந்தது. "அண்ணா, அம்மா போயிட்டாங்க" என்றாள். அழுது முடித்த குரல். "போஸ்டருக்குப் படம் கேக்கறாங்க. அத யாருக்கும் காட்டவேணான்னு அம்மா சொன்னாங்கல்ல, அத குடுக்கமாட்டேன். வேற ஏதாச்சும் இருந்தா அனுப்புங்க."

அவன் வீடியோவிலிருந்து ஒன்றை வெட்டி அனுப்பினான். முகக்கவசம் போட்டது. அவர்கள் அதைப் போடவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஏதோ அடையாள அட்டைக்கு எடுத்த, விறைத்துப்போன ஒரு முகம்தான் முதுநகர்ச் சுவர்களில் ஒட்டியிருந்தது.

அடக்கத்துக்குப் போனான். கல்லறைத் தோட்டத்தின் வாசலுக்கு உள்ளே போகாமல், வெளியே நிறுத்தியிருந்த வண்டிகளுக்கு நடுவில் நின்றான். எல்லாம் முடிந்து வெளியே வந்த அனிதா அவனைப் பார்த்துவிட்டாள். பக்கத்தில் வந்தாள்.

"அண்ணா, அந்தப் போட்டோ… அவசரமில்ல. நல்லா பொறுமையாப் பண்ணிக் குடுங்க" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு நிச்சயதார்த்த வேலைகளை ராஜ்கமலுக்குத் தள்ளிவிட்டான். கேமராவைக் கையில் எடுத்தால் எதிரில் நிற்கிறவர்கள் முகத்தைப் பார்க்காமல், கார்டில் ஏறிய படங்களின் எண்ணிக்கையைப் பார்த்தான். பார்த்ததையே மறுபடி பார்த்தான். புஷ்பவள்ளி ஒருநாள், "முப்பதாம் நாள் திருப்பலியும் முடிஞ்சிருக்கும். போன்ல சொல்லாதீங்க. நேர்ல போய் சொல்லிட்டு வாங்க. நானும் வரட்டா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றுவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறினான்.

மார்கழித் தேர் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. வெளியூர்க் கூட்டம் இன்னும் வடியவில்லை. அனிதாவின் வீடு அண்ணாமலை நகர்ப் பக்கம். ஷேர் ஆட்டோவுக்குப் போகவேண்டியவன் கால் போன போக்கில் தெற்கு வீதிப் பக்கம் திரும்பினான். ஒரு பெரிய பை கடை கண்ணில் பட்டது. உள்ளே போனான்.

எதற்குப் போனோம் என்று அவனுக்கே விளங்கவில்லை. கடைப்பெண், "என்ன சார் பாக்கறீங்க?" என்று கேட்டதும், "கேமராவும் லேப்டாப்பும் வைக்கற மாரி பேக்பேக்" என்றான். சொல்லி முடித்ததும் ஒரு நிம்மதி வந்தது. பை பார்க்கிறவரைக்கும் அங்கே போகவேண்டாம்.

முதல் பையில் ஜிப்பை நாலு தடவை இழுத்து மூடினான். பல் பல்லாகப் பார்த்தான். இரண்டாவதில் தையலைப் பிரித்துவிடுவதுபோல் இழுத்தான். அடியில் கையை விட்டு அளந்தான். லேப்டாப் அறைக்கும் அடிக்கும் நடுவில் எத்தனை விரல்? மூன்று. நாலு இருக்கிறது ஏதாவது? உறை எந்தத் துணி? உள்பக்கம் ரப்பர் பூச்சு உண்டா? கடைப்பெண் முதலில் ஆர்வமாகத்தான் எடுத்துப் போட்டாள். பன்னிரண்டு பை மேசைமேல் குவிந்தது. சரியானது இதோ இருக்கிறது என்று ஒவ்வொன்றையும் எடுத்தான். எடுத்ததும், பள்ளத்தில் மல்லாக்க விழுந்து இரண்டு நிமிஷம் கிடந்தால் என்று நினைத்தான். கீழே வைத்தான்.

"ஒரு பக்கெட் தண்ணி கெடைக்குமாம்மா?" என்று கேட்டான்.

"எதுக்கு சார்?"

"உள்ள போட்டுப் பாக்கணும்."

அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். கல்லாவிலிருந்து முதலாளி எழுந்து வந்தார். வயதானவர், மரியாதைக்காரர். "சார், முழுசாத் தண்ணியில போட்டா எந்தப் பையும் தாங்காது. மழைக்குத் தாங்கும், அவ்ளோதான். பைய நம்பி எதையும் வைக்கறதில்ல சார். இன்னொரு காப்பி எடுத்து வீட்ல வச்சிட்டுத்தான் கௌம்பணும்" என்றார். யாருக்கும் சொல்கிற சாதாரணமான விஷயம்தான். இளவரசு கையில் இருந்த பையை மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கினான். பின்னால் அந்தப் பெண் பைகளைத் திரும்ப அடுக்கும் சத்தம் கேட்டது.

அனிதா கதவைத் திறந்தாள். கறுப்பு ரவிக்கை, வெளிறிய சேலை. ஜேக்கப் வேலைக்குப் போயிருந்தான். இளவரசு வெறுங்கையோடு வந்திருந்ததை அவள் பார்த்தாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவன் டம்ளரைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னான். கார்டை அழித்தது, பை, பள்ளம், பொத்தானை அமுக்கியது, புதுச்சேரி, சென்னை, அவளிடம் சொன்ன பொய்கள். எதையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அவள் முகத்தில் எந்த மாறுதலும் இல்லை.

"ஒன்னு கூடவா இல்ல?" என்றாள்.

அவன் போனில் அந்தக் கால்வாசிப் படத்தை எடுத்து நீட்டினான். அவள் வாங்கிப் பார்த்தாள். அம்மாவின் நெற்றி வரைக்கும் பார்த்தாள். பிறகு சாம்பல் பகுதியில் விரலை வைத்து மேலே தள்ளினாள், அடியில் மீதி வரும் என்பதுபோல. இரண்டு தடவை தள்ளினாள். படம் கொஞ்சம் நகர்ந்து மறுபடி அதே இடத்தில் வந்து நின்றது.

"இதையாச்சும் எனக்கு அனுப்புங்க" என்றாள்.

அனுப்பினான். அவளுடைய போன் உள்ளறையில் ஒரு சத்தம் போட்டு அடங்கியது.

"அண்ணா, நான் அம்மாவப் பாக்கல" என்றாள் அனிதா. "தரையப் பாத்துக்கிட்டு இருந்தேன். அம்மா எம் பின்னாடி நின்னாங்க. கையோட சூடு மட்டுந்தான் தெரிஞ்சுது. அவுங்க மொகம் எப்படி இருந்துச்சுன்னு நீங்கதான் பாத்தீங்க. படம் போனாப் போவுது. நீங்க சொல்லுங்க."

இளவரசு நினைத்துப் பார்த்தான். ஜன்னல் எந்தப் பக்கம் என்று நினைவிருந்தது. லென்ஸ் எது, எவ்வளவு திறந்து வைத்தான், ஷட்டர் வேகம் நூற்றிருபத்தைந்து என்பது நினைவிருந்தது. வெளிச்சம் நெற்றியில் வழுக்கிவிடக் கூடாதே என்று கவலைப்பட்டது நினைவிருந்தது. "தாடைய லேசா எறக்குங்கம்மா" என்று சொன்னான், அவரும் இறக்கினார். கண் கூர்மையாக விழுந்திருக்கிறதா என்று பதினோரு தடவையும் பார்த்தான். விழுந்திருந்தது. அந்தக் கண்ணில் என்ன இருந்தது? வாய் எப்படி இருந்தது? அவன் எட்டடி தூரத்தில் நின்றிருந்தான். வேறு யாரும் பார்க்காததைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தான். அவன் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. படம் இருக்கிறதே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தான்.

அனிதா காத்திருந்தாள்.

"சிரிச்சாங்கம்மா" என்றான். "ஒங்களப் பாத்து லேசா சிரிச்சாங்க."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"அம்மாவுக்கு வாயெல்லாம் புண்ணு அண்ணா" என்றாள். "மருந்து போட்டதுலேர்ந்து ஒதடு அசைக்க முடியாது. சிரிச்சா ரத்தம் வந்துடும். தீவாளிக்கு அப்பறம் அவுங்க சிரிக்கவே இல்ல."

அவன் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தான். எதற்கென்று கேட்பது? இப்போது சொன்ன பொய்க்கா, முன்னால் சொன்னதற்கா? கேட்டால், பரவாயில்லை என்று சொல்லவேண்டிய கட்டாயம் அவளுக்கு வந்துவிடும். வாயை மூடிக்கொண்டான்.

"நீங்க கௌம்புங்கண்ணா" என்றாள் அனிதா. கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போனாள். போனைக் கையில் எடுப்பது தெரிந்தது. அவன் வாசல் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு இறங்கினான்.

கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரமாக இடம் கிடைத்தது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. புதுச்சத்திரத்துக்கு அப்பால் ரோட்டைச் சரிசெய்து தார் போட்டிருந்தார்கள். எந்த இடம் என்று அவனால் அடையாளம் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்ணை மூடி அந்த முகத்தைக் கொண்டுவரப் பார்த்தான். நெற்றி வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி முயன்றான். கொஞ்சம் விட்டால், தானாக ஒரு வாயை வரைந்து, கண்ணை வரைந்து, இதுதான் அது என்று நம்பிவிடுவோம் என்று பயம் வந்தது. கண்ணைத் திறந்துகொண்டான்.

மடியில் போன் அடித்தது. தை மாதக் கல்யாணத்துக்காகப் பெண்ணாடத்திலிருந்து யாரோ. முகூர்த்தத்துக்கு மட்டும் என்றார்கள், முன்பணம் கூட அனுப்புகிறோம் என்றார்கள். "நான் இப்ப எடுக்கறதில்லைங்க" என்றான். சொன்னபிறகுதான் அது உண்மை என்று தெரிந்தது.

கடலூர் பஸ் நிலையத்தில் எல்லாரும் இறங்கிப்போனார்கள். கண்டக்டர் பின்னாலிருந்து வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் நின்றார்.

"எறங்குங்க சார். வண்டி டிப்போவுக்குப் போவுது."

"தோ, எறங்கறேன்" என்றான் இளவரசு. முன் இருக்கையின் கம்பியைப் பிடித்தான். எழுந்தால் வீட்டுக்குப் போய், சிரித்தார்கள் என்று சொன்னதையும் வள்ளியிடம் சொல்லவேண்டும். கண்டக்டர் இன்னொரு தடவை சொன்னார்.